பெங்களூர்ச் சாலைகளில் தினமும் ஓடும் காருக்குச் சஸ்பென்ஷன் மேம்பாடு: எதை, எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது

தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் காரின் சஸ்பென்ஷனை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் ஷாக் அப்சார்பரை வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வண்டி எந்த மாதிரிச் சாலையில், எந்த வேகத்தில், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, எந்தச் சக்கரத்தின் பக்கம், எப்படித் தொல்லை தருகிறது என்பதைச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். சர்ஜாபூர் சாலையின் சிறு குழிகளில் கைக்கு அதிர்வு வருவது ஒரு குறை. வர்த்தூர்ப் பக்கத்து வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு உரசுவது வேறொரு குறை. ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் வண்டி மிதப்பது இன்னொன்று. மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கெடுக்கவும் கூடும்.

ஆகவே ஒரு வாரம் பொறுமையாகக் கவனியுங்கள். தட்டும் ஒலி கூர்மையாகவும் சிறியதாகவும், மெதுவாகப் போகும்போது அதிகமாகவும் கேட்டால் சக்கரத்துக்கும் வண்டிக்கும் இடையே உள்ள இணைப்புகளான லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் (புஷ் என்பது இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை), பால் ஜாயின்ட் ஆகியவற்றில் தேய்மானம் இருக்கலாம். ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு விடுபடுவது போன்ற ஒலி வந்தால் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த முன் தூண்) வண்டியோடு இணைக்கும் மேல் மவுன்ட்டையும் அதன் பேரிங்கையும் பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது கனமாக ஒரே அடியாக இடித்தால் சஸ்பென்ஷன் தன் எல்லை வரை அழுந்திவிட்டது என்று பொருள். ஒரு மேட்டைக் கடந்த பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது. மின்னணு நகரத்துக்குப் போகும் மேம்பாலத்தின் இணைப்புகள் இதைச் சோதிக்க நல்ல இடம். ஒவ்வோர் இணைப்பிலும் எழும் ஆட்டம் அடுத்த இணைப்பு வருவதற்குள் அடங்குகிறதா, அல்லது ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்கிறதா என்பதைப் பாருங்கள்.

முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவருவது

50,000 கி.மீ. கடந்த வண்டிக்கு மேம்பாடு என்று பேசுவதற்கு முன், அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வண்டியின் குணம் நாளொரு துளியாகக் கெடுவதால் தினமும் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை. அதே மாடலின் புதிய வண்டியை ஷோரூமில் எடுத்து, தான் வழக்கமாகப் போகும் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்பது புரியும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் பணம் செலவிடாதீர்கள்.

லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும்போது ஷாக் அப்சார்பரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் அதைக் கசிவாகக் கொள்ள வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து, தூசி ஒட்டி, உருளை ஈரமாக இருந்தால்தான் மாற்ற வேண்டும். ஷாக்கின் உருளைக்குள் போய்வரும் தண்டான ராடை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா, உள்ளே உள்ள பம்ப் ஸ்டாப் பொடிந்திருக்கிறதா என்பதையும் கேட்டுப் பாருங்கள். இந்தச் சிறு நுரைத் துண்டு நம் சாலைகளில் தினமும் வேலை செய்கிறது. அது உதிர்ந்துபோன வண்டியில் ஒவ்வொரு பெரிய பள்ளமும் இரும்போடு இரும்பு மோதும் அடியாகவே வரும். விலை மிகக் குறைவு என்றாலும், ஷாக்கைக் கழற்றினால்தான் அதை மாற்ற முடியும் என்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊர் ஹேட்ச்பேக்குகளிலும் சிறிய செடான்களிலும் பெரும்பாலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டமான டார்ஷன் பீமும் இருக்கின்றன. அந்தப் பீமை வண்டியோடு இணைக்கும் இரண்டு பெரிய புஷ்களை யாரும் நினைப்பதே இல்லை. அவை தளர்ந்தால் பின்பக்கத்தில் மந்தமான தட்டல் கேட்கும். வேகமாகப் பாதை மாறும்போது வண்டியின் வால் ஒரு கணம் தாமதித்துப் பின்தொடரும். புது ஷாக் போட்டும் பின்பக்கம் சரியாகவில்லை என்று குறைப்படுபவர்கள் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

டயரும் காற்றும்

சிறு குழிகளும் உடைந்த ஓரங்களும் தரும் கூர்மையான அதிர்வை முதலில் விழுங்குவது டயரின் பக்கச்சுவர். ஷாக்கும் ஸ்பிரிங்கும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. ஆகவே செலவில்லாத முதல் வேலை காற்றழுத்தத்தைச் சரிசெய்வது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள எண்ணை, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் வைக்க வேண்டும். 32 பி.எஸ்.ஐ. என்று குறித்திருக்கும் டயரில் 38 நிரப்பிக்கொண்டு, சஸ்பென்ஷன் கடினமாக இருக்கிறது என்று வருந்துபவர்கள் பலர். அதே அட்டையில் முழுச்சுமைக்கான எண்ணும் தனியாக இருக்கும். பொங்கலுக்கு ஊர் போகும்போது அந்த எண்ணுக்கு ஏற்றி, திரும்பி வந்ததும் குறைத்துவிட வேண்டும். சொந்தமாக ஓர் அளவுமானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து டயரின் அளவு. டயரில் எழுதியிருக்கும் முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது சதவீதத்தில் விகிதம், ஆர்-க்குப் பின் வருவது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பக்கச்சுவரின் உயரத்தைக் கணக்கிடுவது எளிது: அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் போதும். 195/55 ஆர்16 டயரில் அது ஏறத்தாழ 107 மி.மீ.; 185/65 ஆர்15 டயரில் 120 மி.மீ. இரண்டின் மொத்த விட்டமும் 621 மி.மீ. அளவில் ஒன்றுபோலவே இருக்கும். அதாவது, உயர்ந்த வகையில் 16 அங்குல அலாய் வீலோடு வந்த காருக்கு, கீழ்வகையில் நிறுவனமே தரும் 15 அங்குல வீலைப் போட்டால், வேகமானியோ உயரமோ மாறாமல் 13 மி.மீ. கூடுதல் மெத்தை கிடைக்கிறது. பள்ளத்தில் ரிம் வளைவதும் பக்கச்சுவர் புடைப்பதும் குறையும். அழகுக்காக வீலைப் பெரிதாக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது என்பதால் கடையில் இதை யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். குழிச் சாலைக்கு என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் 15 அங்குல வீல் உங்கள் வண்டியின் பிரேக் காலிப்பரைத் தொடாமல் சுழலுமா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அதே 15 அங்குல ரிம்மில் 185/65-க்குப் பதிலாக 195/65 போட்டால் பக்கச்சுவர் சுமார் 127 மி.மீ. ஆகும். விட்டம் 2 சதவீதம் கூடி, வண்டியின் அடி 6 மி.மீ. அளவுக்கு உயரும். இதற்கு ரிம்மின் அகலம் குறைந்தது 5.5 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உள்ளே எங்கும் உரசக் கூடாது. புது டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையவும் கூடாது. மொத்த விட்டத்தை 3 சதவீதத்துக்கு மேல் கூட்டுவதை நான் ஏற்பதில்லை. கூடுதல் சுமைக்கான எக்ஸ்.எல். என்று குறித்த டயரின் சுவர் தடித்தது. அது பள்ளத்தைத் தாங்கும், ஆனால் மென்மையைக் குறைக்கும். வண்டி நிறுவனம் அதைக் கேட்டிருந்தால் தவிர அதைத் தேட வேண்டாம்.

ஷாக் அப்சார்பர்

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக். இதை மனத்தில் வைத்தால், வண்டி தாழ்ந்துவிட்டது என்ற குறைக்கு ஷாக்கை மாற்றுவதும், வண்டி மிதக்கிறது என்ற குறைக்கு ஸ்பிரிங்கை மாற்றுவதும் ஏன் பயன்தரவில்லை என்பது விளங்கும்.

ஷாக்கின் ராடு இரண்டு விதமான வேகங்களில் நகர்கிறது. வளைவில் வண்டி சாயும்போதும், பிரேக் பிடித்து மூக்கு தாழும்போதும் அது மெதுவாக நகரும். சக்கரம் குழியின் விளிம்பில் மோதும்போது அது பாய்ந்து நகரும். வண்டி ஓடும் வேகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, 20 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் இறங்கினாலும் ராடு பாய்ந்துதான் நகரும். நம் சாலைகளுக்கு ஏற்ற ஷாக், மெதுவான நகர்வில் உறுதியாகவும் வேகமான நகர்வில் இளகியும் இருக்க வேண்டும். எல்லா வேகத்திலும் ஒரேயடியாக இறுகியிருக்கும் ஷாக், பந்தயப் பாதையின் வழுவழுப்பான தரையில் நன்றாக இருக்கும். ஹென்னூர் பக்கத்தில் முதுகை நோகடிக்கும்.

கட்டமைப்பில் இரண்டு வகைகள் உண்டு. பெரும்பாலான கார்களில் வருவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள் கொண்ட ட்வின் ட்யூப். உள்ளே குறைந்த வாயு அழுத்தம்தான், உருளை சற்று நசுங்கினாலும் சமாளிக்கும், சிறு அதிர்வுகளில் மென்மையாக இருக்கும். ஒரே குழாய் கொண்ட மோனோ ட்யூபில் வாயு அழுத்தம் பல மடங்கு அதிகம். எண்ணெய் நுரைக்காது, தொடர்ந்து மோசமான சாலையில் ஓடினாலும் சூட்டில் தளராது, வண்டியின் ஆட்டத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மெதுவாகப் போகும்போது சற்றுக் கடினமாகத் தெரியும், விலையும் கூடும். தினமும் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து செல்லும் குடும்பக் காருக்குத் தரமான ட்வின் ட்யூப் போதும். வாரம்தோறும் ஓசூர், தருமபுரி வழியாகச் சேலம் போய்வருபவர், தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் சுமையோடு பிரேக் பிடிக்க வேண்டியவர், மோனோ ட்யூபை யோசிக்கலாம்.

பெயர்களைப் பொறுத்தவரை, கேப்ரியல், மன்ரோ போன்றவை இங்கே எளிதில் கிடைக்கும் மாற்றுப் பொருள்கள். கே.ஒய்.பி. நிறுவனத்தின் எக்ஸெல்-ஜி, வண்டியோடு வந்த மூல ஷாக்குக்கு நெருக்கமான ட்வின் ட்யூப் வகை. பில்ஸ்டைனில் பி4 மூலத்துக்கு மாற்று. பி6 மூல உயரத்துக்கான உறுதியான மோனோ ட்யூப். பி8 உயரம் குறைத்த ஸ்பிரிங்குக்காகச் சுருக்கிச் செய்தது. ஆகவே குழிச் சாலைக்குப் பி8 பொருந்தாது. கோனியின் ஸ்பெஷல் ஆக்டிவ், அதிர்வு எவ்வளவு விரைவாக அடுத்தடுத்து வருகிறது என்பதற்கேற்பத் தானே இளகிக் கொடுக்கும் அமைப்பைக் கொண்டது. உங்கள் வண்டிக்கு அது பட்டியலில் இருந்தால் என் பார்வையில் அதுவே நம் சாலைக்கு மிகப் பொருத்தமானது. இவற்றில் எதை வாங்கினாலும் உங்கள் மாடலுக்கும், பெட்ரோலா டீசலா என்பதற்கும் உரிய பாக எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். டீசல் என்ஜினின் கூடுதல் எடையால் முன் ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் வேறுபடும் மாடல்கள் பல உண்டு. ஐரோப்பாவில் அதே பெயரில் விற்கும் காரின் ஷாக் இங்குள்ள காருக்குப் பொருந்தும் என்றும் கொள்ளக் கூடாது. இந்தியாவுக்காக நிறுவனங்கள் உயரத்தையும் ஸ்பிரிங்கையும் மாற்றி அமைப்பது வழக்கம். ஜே.சி. ரோட்டில் வாங்குவதானால் பில்லோடு வாங்குங்கள். பெட்டியின் அச்சும் பாகத்தின் மேல் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்பதைக் கடையிலேயே பாருங்கள்.

ஸ்பிரிங்கும் உயரமும்

சக்கரம் மேலேறவும் கீழிறங்கவும் உள்ள இடம்தான் மோசமான சாலையில் வண்டியின் மூலதனம். அதைக் குறைக்கும் எந்த மாற்றமும் இங்கே நட்டம். உயரம் குறைக்கும் ஸ்பிரிங்கைப் போட்டால், மேலேறும் இடம் குறைவதை ஈடுசெய்ய ஸ்பிரிங்கை இறுக்கியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து தினசரிப் பயணத்தை வதைக்கும். இந்த நகரத்தில் அலுவலகத்துக்கு ஓட்டும் காருக்கு அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உரசல் பற்றிய குறை உள்ளவர்கள் முதலில் அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். பிறகு வழக்கமாக வரும் ஆட்களையும் பைகளையும் ஏற்றி மறுபடி அளங்கள். ஒரு கணக்கு: சக்கரத்தில் அளக்கும்போது பின் ஸ்பிரிங்கின் வலு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்று கொள்வோம். பின்பக்கம் 200 கிலோ சேர்ந்தால், ஒரு பக்கத்துக்கு 100 கிலோ. வண்டியின் பின்பக்கம் ஏறத்தாழ 4 செ.மீ. தாழும். 165 மி.மீ. அடி இடைவெளியோடு வந்த செடானில் இது பெரிய இழப்பு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி வட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் கடக்கும் வகையில் அது வகுக்கப்பட்டது. நம் தெருக்களில் குறுகலாகவும் செங்குத்தாகவும் போடப்பட்ட தடைகள் இந்த அளவைப் பின்பற்றுவதில்லை என்பதால்தான் வண்டியின் நடுப்பகுதி உரசுகிறது.

அளவில் வெற்று வண்டியே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. அந்த அச்சில் இரண்டையும் புதிதாக, மூல எண்ணிலேயே மாற்றுங்கள். ஆட்கள் ஏறும்போது மட்டும் மிகவும் தாழ்ந்தால், பின்பக்கம் சற்று வலுவான ஸ்பிரிங் தேவைப்படலாம். வலு 30 சதவீதம் கூடினால் வண்டியின் இயல்பான ஆட்ட வேகம் 14 சதவீதம் கூடும். அது தனியாக ஓட்டும்போது தெரியும் மாற்றம்தான் என்றாலும் தாங்கக் கூடியது. அதற்கு மேல் போக வேண்டாம். ஸ்பிரிங்கை வலுப்படுத்தினால் பழைய ஷாக் அதை அடக்கப் போதாமல் போகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எப்போதாவதுதான் சுமை என்றால், பின் காயில் ஸ்பிரிங்கின் உள்ளே வைக்கும் காற்றுப்பை நல்ல வழி. ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக உள்ள வண்டிகளுக்கே அது பொருந்தும்; ஊர்ப் பயணத்துக்குக் காற்றை ஏற்றி, திரும்பியதும் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அழுத்தத்துக்கு இறக்கிவிடலாம்.

ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையே திணிக்கும் ரப்பர் பஃபரைக் கடைக்காரர்கள் நிமிடங்களில் மாட்டிவிடுவார்கள். வேண்டாம். அது சில சுருள்களை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. மிஞ்சிய சுருள்கள் முழு வேலையையும் ஏற்பதால் ஸ்பிரிங் இறுகி, அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து, சில வேளை உடைந்தும் போகிறது. ஸ்ட்ரட்டின் மேல் வைக்கும் ஸ்பேசர் இதைவிட நேர்மையான வழி. ஸ்பிரிங்கின் தன்மை மாறாது. ஆனால் லோயர் ஆர்மின் கோணமும் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணமும் மாறுவதால் 15, 20 மி.மீ.க்கு மேல் உயர்த்துவது ஜாயின்ட்டுகளுக்கும் அவற்றின் ரப்பர் உறைகளுக்கும் கேடு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து, திருகி உயரத்தை மாற்றிக்கொள்ளும் காயில்ஓவர் செட் தினசரிக் காருக்குத் தேவையில்லை. அதன் திருகுப் பகுதி நம் மழைச் சேற்றில் இறுகிப்போகும். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரைத் தடித்ததாக மாற்றினால் அது வளைவில் சாய்வைக் குறைக்கும், ஆனால் ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கும் அடியை மறுபக்கத்துக்கும் கடத்தும். பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைத்தாலும் அதிர்வையும் ஒலியையும் உள்ளே விடும்; ரப்பரே மேல். இரண்டு ஸ்ட்ரட்டுகளின் தலைகளையும் இணைக்கும் ஸ்ட்ரட் பாரால் குழியின் அடி சிறிதும் குறையாது.

சட்டத்தையும் ஒருமுறை நினைவில் கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. மூல உயரத்துக்கான மாற்று ஷாக்கைப் போடுவது பழுதுநீக்கும் வேலை. உயரத்தை மாற்றுவது அப்படியல்ல. செய்வதானால் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். உத்தரவாதம் மிச்சமிருக்கும் வண்டியில் சர்வீஸ் சென்டரின் பதிலையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் நாளில்

நல்ல பாகத்தை வாங்கி மோசமாகப் பொருத்தினால் பணம் வீண். பட்டறையில் நீங்களே நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. ஷாக்கை அச்சுக்கு இரண்டாகவே மாற்ற வேண்டும். மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், ரப்பர் உறை ஆகியவற்றையும் அப்போதே புதிதாகப் போட்டுவிட்டால் பின்னர் இரண்டாவது முறை கூலி கொடுப்பது மிச்சமாகும். ட்வின் ட்யூப் ஷாக்கைப் பொருத்துமுன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழுவதுமாக அழுத்தி இழுத்து உள்ளே உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். மேல் நட்டை முடுக்கும்போது ராடைப் பிளையரால் பிடிக்க அனுமதிக்காதீர்கள். வழவழப்பான அந்த ராடில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழிந்து சில மாதங்களில் எண்ணெய் கசியும். ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது, ஏனெனில் விடுபட்ட ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசையோடு பாயும்.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது ஒன்று உண்டு. லோயர் ஆர்ம், பின் பீம் ஆகியவற்றின் புஷ் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுதியாக முடுக்கக் கூடாது. ரப்பர் புஷ் உலோகத்தோடு ஒட்டியிருப்பதால், சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று விரைவில் கிழியும். சக்கரங்கள் எடையைத் தாங்கும் நிலையில், அல்லது ஜாக்கால் ஆர்மை அந்த உயரத்துக்கு ஏற்றி, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லுங்கள். புது புஷ் ஓராண்டில் போய்விட்டது என்று வருந்தும் பலரின் வண்டியில் நடந்தது இதுதான்.

அன்றே வீல் அலைன்மென்ட் செய்து, அச்சிட்ட தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உயரம் மாறியிருந்தால் முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிசெய்ய வேண்டும். முன்கண்ணாடியில் கேமரா உள்ள வண்டியில் அதன் அளவீட்டைச் சரிபார்க்கும் வேலையும் சேரும். வெளியே தெரியும் பின் ஷாக் ராடில் ஒரு சிறு பிளாஸ்டிக் டையை, ராடைக் கீறாத அளவுக்குத் தளர்வாகக் கட்டி, அதை உருளையோடு ஒட்டித் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் வழக்கமான சாலையில் ஓட்டியபின் அது ராடில் எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப் வரை தினமும் போகிறதென்றால் சுமைக்கு ஸ்பிரிங் போதவில்லை. பாதி வழிகூடப் போகாமல் நின்றால் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள். புது ஸ்பிரிங் படிய சில நூறு கிலோமீட்டர் ஆகும். ஆயிரம் கி.மீ. ஓடியபின் ஃபெண்டர் அளவுகளை மறுபடி எடுத்து முதல் அளவோடு ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் அலைன்மென்ட்டையும் மறுபடி செய்யுங்கள். மேல் மவுன்ட் நட்டுகளின் இறுக்கத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.